வைக்கோல் டயரில் மாமல்லபுரம்: முப்பது கிலோமீட்டர், நாலரை மணி நேரம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு சைக்கிளில் போகலாமா, எவ்வளவு நேரமாகும், பெண்கள் தனியாகப் போகமுடியுமா என்று போன வாரம் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். முப்பது கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் இரண்டரை மணி நேரம். நான் முதல்முறை போனபோது நாலரை மணி நேரமானது. அதற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு. அந்தக் கதையைச் சொன்னால் பாதையும் அதிலேயே வந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை. எனக்கு இருபத்து மூன்று வயது, தற்காலிக வேலை. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இடம் இரண்டு, போட்டியில் மூன்று பேர். சைக்கிள் ஓட்டத் தெரியவேண்டும் என்பது நிபந்தனை. ஆள் எடுக்கும் அதிகாரி மாமல்லபுரத்தில் முகாம் போட்டிருந்தார். காலை பதினோரு மணிக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்கவேண்டும். பஸ்ஸில் வந்து இறங்கினால் பெயரை அடித்துவிடுவார்.

வேலை கிடைக்காவிட்டால் சித்திரையில் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் அந்த வீட்டில் பெண்கள் வேலைக்குப் போவதில்லை. எனக்கு வேலைதான் வேண்டும். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

காலை ஏழு மணிக்குக் கடைத்தெருவில் காசிம் பாயின் வாடகை சைக்கிள் கடை திறந்தது. நாள் வாடகை இரண்டு ரூபாய். செயின் மூடியோடு ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள் வைத்திருந்தார். புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, ஓரத்தை இரண்டு ஊக்குகளால் பிடித்துக்கொண்டேன். பாய் பின்சக்கரத்துக்குக் காற்றடித்து முடித்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“போதும்மா. வெயில்ல போற வண்டி. ரொம்ப அடிச்சா பேஜாரு.”

“இன்னும் நாலு அடி அடிங்க பாய். முப்பது கிலோமீட்டர் போவணும்.”

“நான் சொல்றேன், நீ கேட்டாத்தான!” என்று முனகிக்கொண்டே அடித்தார். தூரம் போகிறவர்கள் காற்றைக் கல்லு மாதிரி அடித்துக்கொண்டு கிளம்புவது எங்கள் ஊர்ப் பழக்கம். சைக்கிள் கடைக்காரர்கள் வேண்டாம் என்பார்கள், நாங்கள் கேட்கமாட்டோம்.

முதல் பதினான்கு கிலோமீட்டர் திருக்கழுக்குன்றம் வரை. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், நடுவில் ஏரிகளும் அறுவடை முடிந்த வயல்களும். மேடுகள் சின்னவைதான், ஆனால் வாடகை சைக்கிளுக்கு அது தெரியாது. ஒரே ஒரு இடத்தில் இறங்கித் தள்ளினேன், அதையும் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான். மற்ற ஏற்றங்களை எல்லாம் எழுந்து நின்று மிதித்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மணியடித்துக்கொண்டே போனேன்.

எட்டரைக்குத் திருக்கழுக்குன்றம். மலையடிவாரத்து ஓட்டலில் நாலு இட்லி, ஒரு காபி, மொத்தம் அறுபது பைசா. கழுகுகள் மலைக்கு வருவது உச்சிப் பொழுதுக்குக் கிட்டத்தில்தான், அதற்கெல்லாம் நேரமில்லை. ஒன்பது மணிக்கு மறுபடி ஏறினேன். இங்கிருந்து மாமல்லபுரம் பதினாறு கிலோமீட்டர். ஏற்றம் குறைவு, ஆனால் எதிர்க்காற்று உண்டு. கடல் இருக்கும் திசையை அந்தக் காற்றே சொல்லிவிடும்.

ஒன்பது கிலோமீட்டர் போனபின் தண்ணீர் குடிக்க ஒரு பம்புசெட்டில் நிறுத்தினேன். மணி பத்து. சைக்கிளை நல்ல வெயிலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு, தொட்டியில் முகத்தைக் கழுவி நிமிர்ந்தேன். வேட்டுச் சத்தம் கேட்டது. வரப்பிலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. பின்சக்கரத்தின் டியூபில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அதை எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்டமுடியாது.

அந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் வந்தார். என்னைப் போலவே அந்த வேலைக்கு வருகிறவர், புது சைக்கிள். கால் ஊன்றி நின்று டயரைப் பார்த்தார்.

“இன்னாம்மா, வெடிச்சிட்ச்சா? சரி, நான் சார்கிட்ட சொல்லிடறேன். நீ பஸ்சு வந்தா ஏறி வூட்டுக்குப் போ.”

“நான் வரேன்னு சொல்லுங்க” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

உட்கார்ந்து அழலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் அழவும் செய்தேன். வைக்கோல் போரில் மாட்டுக்குத் தீவனம் உருவிக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் கேட்டு வந்தாள். பெயர் தனபாக்கியம், என்னைவிட நாலைந்து வயது பெரியவள்.

“இதுக்கா அழுதுகினு கீற? எங்க வூட்டுக்காரரு சந்தைக்குப் போவசொல்ல இப்டி ஆனா வைக்கல திணிச்சிகினு வந்துடுவாரு. நீ புரி திரி, நான் டயர கழட்றேன்.”

அவள் கதிர் அரிவாளின் பிடியைக் கொடுத்து நெம்பி டயரின் ஒரு பக்கத்தை விளிம்பிலிருந்து எடுத்து, கிழிந்த டியூபை உருவிப்போட்டாள். நான் வைக்கோலைத் தொட்டியில் நனைத்து, கை பருமனுக்குக் கயிறு போலப் புரியாகத் திரித்தேன். நனைத்தால்தான் இறுகும், காய்ந்த வைக்கோல் இரண்டு ஃபர்லாங்கில் தூளாகிவிடும். இரண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றித் திணித்து, டயரைக் காலால் மிதித்து உள்ளே தள்ளினோம். நாற்பது நிமிடம் ஆனது. என் நகங்கள் இரண்டு பிய்ந்துபோயின.

“அக்கா, எந்த வேலைக்குப் போறேன்னு நீ கேக்கவே இல்லியே?”

“கேட்டுகினு நின்னா உனக்கு நேரமாவும். கெளம்பு மொதல்ல.”

மணி பத்து நாற்பது. இன்னும் ஏழு கிலோமீட்டர். வைக்கோல் டயர் சறுக்காது, ஆனால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து உட்காரும். வேகமாகப் போனால் டயர் கழன்று வந்துவிடும் என்பதால் அடக்கித்தான் மிதிக்கமுடிந்தது. பதினோரு மணிக்கு நான் பனங்காட்டுக்கு நடுவில் இருந்தேன். பதினொன்றே காலுக்குக் கால்வாய்ப் பாலத்தின் மேல். நேரம் தாண்டிவிட்டது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. பாதியில் திரும்பினாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அந்த ஒரு வீம்புதான் என்னை மிதிக்கவைத்தது.

கதையின் முடிவுக்கு முன்னால் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. முடிவு தெரிந்துவிட்டால் யாரும் இதைப் படிக்கமாட்டீர்கள். மாசிக்குப் பிறகு போவதானால் காலை ஐந்தரைக்கே கிளம்புங்கள். சைக்கிளை நிழலில் நிறுத்துங்கள். இப்போது சாலை அகலம், ஆனால் லாரிகளும் அதிகம், திருக்கழுக்குன்றத்துக் கடைவீதியில் இறங்கித் தள்ளுவது நல்லது. தெம்பு மிச்சமிருந்தால் மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திருவிடந்தை கோயில் வரை கடலோரமாகப் போய்வரலாம். தெற்கே பாலாற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் செய்யூர்ப் பக்கம், சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும். அப்போது அங்கே ஆற்றுக்குப் பாலம் கிடையாது. இப்போது உண்டு. வெள்ளைப் புடவை கட்டாதீர்கள். ஊக்கு இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகும் பெண்கள் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். யாரிடமும் வேண்டாம்.

பதினொன்றரைக்கு முகாம் வாசலில் போய் இறங்கினேன். ஏகாம்பரம் மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ திரும்பிப் போயிட்டதா ஏகாம்பரம் சொன்னாரே?”

அந்த ஆள் மேல் எனக்கு இரண்டு வருடம் கோபம் இருந்தது. அதன்பிறகு அலுத்துவிட்டது.

“வரேன்னு சொல்லி அனுப்பினேன் சார்.”

“பதினொண்ணுன்னா பதினொண்ணும்மா. திருவிடந்தையிலேர்ந்து இங்க வரைக்கும் உள்ள ஊர்களை அவருக்குக் குடுத்தாச்சு.”

“இன்னொரு இடம்?”

“அது செய்யூர்ப் பக்கம். ரெண்டாவதா வந்த பையன் ஊர்ப் பேரைக் கேட்டதுமே வேணாம்னு போயிட்டான். ஆத்துல சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு நடக்கணும். தண்ணி வந்தா ஓடத்துக்குக் காத்துக் கெடக்கணும். ஆம்பளைங்களே போகமாட்டேங்கறாங்க, அந்த ஊர்ல பொம்பளை எப்படிம்மா இருப்பா?”

என் கை முழுக்க வைக்கோல் கீறல், முதுகு விண்விண் என்றது. துணிச்சலில் கேட்கவில்லை, எரிச்சலில்தான் கேட்டேன்.

“அந்த ஊர்ல இப்ப இருக்கற பொம்பளைங்க எப்படி சார் இருக்காங்க?”

அவர் எழுந்து வாசலுக்குப் போய் என் சைக்கிளைப் பார்த்தார். பின்சக்கரத்தின் ஓரத்தில் வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு விரலால் உள்ளே தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“உன் முழுப் பேர் சொல்லு” என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இருபத்தாறு வருடம் அந்த ஆற்றைச் சைக்கிளோடு கடந்தேன். அக்கரையில் என் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத குழந்தை ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.