உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை

நான் மதுரையில் போய் இறங்கிய அன்று விடுதியில் அம்மை கண்டிருந்தது. வாசலில் கயிறு கட்டி, யாரும் உள்ளே வரக்கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருடம் முந்திய ஆனி மாதம் அது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமும் மதுரைப் பயிற்சிப் பள்ளியும் வருடத்துக்கு ஒரு ஆசிரியையை மாற்றி அனுப்பிக்கொள்ளும். அந்த வருடம் என் முறை. கடல் கடந்து, ரயிலேறி, ஒரு டிரங்குப் பெட்டியும் குடையுமாக வந்து நின்றேன். வயது இருபத்திரண்டு. அந்த ஊரில் எனக்கென்று ஒரு காக்கை குருவிகூடக் கிடையாது.

மற்றப் பிள்ளைகள் சித்தி வீடு, மாமா வீடு என்று போய்விட்டார்கள். தலைமை ஆசிரியை நல்லவர். தம் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆனால் சனிக்கிழமை அவருடைய மகள் பிரசவத்துக்கு வருகிறாள்.

"அதுக்குள்ள ஒரு எடம் பாத்துக்கம்மா. இல்லன்னா ஊருக்குத் திரும்பிற வேண்டியதுதான். ஒத்தப் பொம்பளப் பிள்ளைய எங்கிட்டாச்சும் விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?" என்றார்.

திரும்பினால் பயிற்சி போச்சு. பயிற்சி இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. அப்பா இறந்த பிறகு தம்பி தங்கைகளுக்குச் சோறு போட்டது அந்த வேலைதான்.

நாலு நாள் தெருத் தெருவாக அலைந்தேன். ஒரு வீட்டில், "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், "புருசன் எங்க?" என்றார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் சரி, வாடகைதான் என் உபகாரச் சம்பளம் முழுவதையும் விழுங்கிவிடும்.

வியாழக்கிழமை செல்லூருக்கு அப்பால் ஓர் அறை அகப்பட்டது. வாடகை மலிவு. வீட்டுக்காரர் வெற்றிலையை மென்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கதவின் வெளிப்பக்கம் பூட்டுப் போட வளையம் இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. கேட்டேன்.

"அது எதுக்கும்மா? நாங்கதான் இருக்கோம்ல" என்றார்.

வெளி வளையத்தை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ஆனாலும் போக்கிடம் இல்லாமல், காலையில் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை முழங்காலில் நின்று அழுதேன். அழகான ஜெபமெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, அந்த இடம் எனக்கு ஆகாதென்றால் நான் போகிற வழியை நீரே அடைத்துவிடும். மறுக்க எனக்குத் துணிவில்லை." அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். கிழக்கு வெயில் முகத்தில் அடித்தது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு செல்லூர்ச் சந்துகளில் நடந்தேன்.

அங்கே நெசவாளர் தெருக்களில் காலையில் பாவு போடுவார்கள். புடவைக்கு நீளவாக்கில் வேண்டிய நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பது. குனிந்து போகவேண்டும் என்று அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தாளுக்கு எப்படித் தெரியும்? சந்திலிருந்து திரும்பியவள் நேரே போய் நூலில் மாட்டிக்கொண்டேன். குடைக்கம்பி சிக்கியது. பதறி இழுத்தேன். இழைகள் பட்பட்டென்று அறுந்தன.

ஓர் அம்மா கையில் கஞ்சியோடு ஓடிவந்தார். பெயர் ருக்மணி. சௌராஷ்டிரக் குடும்பம். முதலில் அவர்கள் வீட்டுப் பாஷையில் திட்டினார். எனக்கு விளங்கவில்லை என்று கண்டதும், சிரமம் பாராமல் தமிழில் மறுபடி முதலிலிருந்து திட்டினார்.

"கண்ண எங்கம்மா வச்சிருக்க? இழைய அறுத்தவங்க முடிஞ்சுட்டுத்தான் போகணும். எங்க தெருவுல அதான் வழக்கம். ஒக்காரு, கஞ்சி காயிறதுக்குள்ள!"

உட்கார்ந்தேன். அப்பா மீன்வலை முடிவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மளமளவென்று முடிச்சுப் போட்டேன். ருக்மணி அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இம்புட்டுப் பெரிய முடிச்சா? இது என்ன, மீன் பிடிக்கவா?"

இரண்டு நுனிகளையும் விரலில் திருகிச் சேர்க்கும் விதத்தைக் காட்டினார். பத்து இழை போனதும் கை படிந்தது. அவருக்கும் கோபம் இறங்கியது.

"அம்புட்டு வெரசா எங்கம்மா போன?"

"இருக்க ஒரு அறை பாத்திருக்கிறன். காசு குடுக்கப் போறன்" என்று வீட்டு அடையாளம் சொன்னேன்.

அவர் கை நின்றது. "அந்தாளு வீட்டுக்கா? வேணாந்தாயி. அங்க ஒரு பொம்பளப் பிள்ள தங்கக் கூடாது."

வழியை அடைத்துவிடும் என்று கேட்டிருந்தேன். ஆண்டவர் தெருவையே நூல் கட்டி அடைத்திருந்தார்.

கடைசி இழையை முடிந்ததும், "வா" என்று உள்ளே கூட்டிப்போனார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சும்மா கிடந்த அறை.

"தறிச் சத்தம் கேக்கும். கறி மீனு ஆகாது. மாசம் ரெண்டு ரூவா குடு, போதும்."

மீனில்லாமல் ஒரு வருடமா! வேறு சமயமாக இருந்தால் அதற்கே அழுதிருப்பேன். ஆனால் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்பக்கத்தில், என் கை மொத்தத்துக்கு ஒரு மரத் தாழ்ப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதேன்.

"தாழ்ப்பாளப் பாத்தா அழுவாக?" என்றார் ருக்மணி அம்மா.

அந்த வருடம் தறிச் சத்தத்தில் படித்தேன், பாவுக்குக் கீழே குனிந்து பள்ளிக்குப் போனேன், தேறினேன். "எங்க அழகர்தான் ஒன்னயக் கொண்டாந்து விட்டாரு" என்பார் அவர். "எங்கட கர்த்தர்" என்பேன் நான். அதில் மட்டும் இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஊருக்குப் புறப்படும் அன்றுதான் கேட்டேன், முன்பின் தெரியாத என்னை ஏன் வீட்டில் வைத்தீர்கள் என்று.

"எங்க வீட்டுக்காரரு புடவ மூட்டையத் தூக்கிட்டுப் போனா வித்துட்டு வாரதுக்குப் பத்து நாளாகும். மக போனதுலருந்து ஒத்தையிலதான் கெடந்தேன். ஒரு தொணைய அனுப்புன்னு நானுந்தான் கும்புட்டுக்கிட்டு இருந்தேன். பயம் ஒனக்கு மட்டுந்தானா?"

அதுவரை என் ஜெபம் ஒன்றுதான் கேட்கப்பட்டது என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

சகோதர சகோதரிகளே, உங்கள் வழி அடைபட்டால் முறுமுறுக்காதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். அறுந்ததை உட்கார்ந்து முடியுங்கள். நம்மைக் காக்கிறவருக்கு நம்மை நிறுத்தவும் தெரியும். நான் நம்பினேன், வாழ்ந்திருக்கிறேன். நீங்களும் நம்பிப் பாருங்கள்.

இந்த வருடம் மதுரையிலிருந்து வரும் பெண் சனிக்கிழமை வந்து சேர்கிறாள். என் வீட்டு முன்னறை அவளுக்கு. நேற்றுத் தச்சரைக் கூப்பிட்டு, உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.