ஏழாம் சேனல் காலியில்லை

ரெஜினாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். மின்சார ரயிலில் ஒரு சீட்டின் மேல் கைக்குட்டை கிடந்தால் போதும், செங்கல்பட்டிலிருந்து பொத்தேரி வரைக்கும் நின்றுகொண்டேதான் வருவாள். கைக்குட்டை போட்டவன் வேறு பெட்டியில் ஏறிப் போயே இருப்பான். "யாராவது வந்துட்டா இன்னா பண்றது, அண்ணா?" என்பாள். நான் அதை எடுத்து ஜன்னலில் மாட்டிவிட்டு உட்காருகிற ரகம். கல்லூரி லேபில் டெக்னீஷியன் வேலை பார்க்கிறவனுக்கு நாள் முழுக்க நிற்கிற வேலைதான், ரயிலிலுமா நிற்பது?

அவளுடைய ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதே சங்கதிதான். வானொலி அலைகளை சேனல் சேனலாகப் பிரித்து போலீஸுக்கு, கப்பலுக்கு, மீனவருக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் பாதி நேரம் அதில் வாயே திறப்பதில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து இன்னொருவர் அதில் உட்கார வேண்டும், உரியவர் வந்ததும் அந்த நொடியே எழுந்துவிட வேண்டும். இதைத் தானாகவே காதுகொடுத்துக் கேட்டு முடிவு செய்கிற ஒரு பெட்டியை அவள் செய்துகொண்டிருந்தாள். காக்னிட்டிவ் ரேடியோ என்று அதற்குப் பெயர்.

அவள் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். அவருக்கு முந்தியவர்கள் அத்தனை பேரும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். அவர்கள் தெருவில் எம்.இ. முடித்தது இவள் ஒருத்திதான். 2008 டிசம்பரில், அவள் பிஎச்.டி.க்குப் பதிந்து ஐந்து வருடம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த அவகாசமும் முடியப்போகிற நேரம். ஜனவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் பட்டம், அதே துறையில் விரிவுரையாளர் வேலை. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இத்தனை வருடமும் தண்ணீரில் போட்ட மாதிரி. அதற்கு முன்னால் டெல்லியிலிருந்து வரும் குழு பெட்டி வேலை செய்வதைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் விடாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஏழாம் சேனல். சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் படகுக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக வயர்லெஸ் செட்டு கொடுத்திருந்தார்கள். அவை பேசுகிற சேனல் அது. எல்லப்பன் என்ற மீனவரின் மொட்டை மாடியில் ஆண்டெனா கட்டி, தொண்ணூறு நாள் அந்தச் சேனலை ஒட்டுக்கேட்டோம். ரெஜினா அவரிடம் நேரிலும் விசாரித்தாள்.

"அண்ணே, செட்டுல தெனம் எவ்ளோ நேரம் பேசுவீங்க?"

"பேசவே மாட்டோம்மா," என்றார் எல்லப்பன். பொய் சொல்லவில்லை மனிதர். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

வரைபடமும் அதையே சொன்னது. ஒரே வெள்ளை. ஆங்காங்கே மட்டும் கடுகு சிதறின மாதிரி புள்ளிகள், ஒவ்வொன்றும் கால் செகண்ட் இருக்கும். அவளுடைய கைடு ஜானகிராமன் சார் தாளைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன, கொசு மொய்ச்ச மாதிரி? மோட்டார் ஸ்பார்க்கா இருக்கும். அரை செகண்டுக்குக் குறைஞ்சதையெல்லாம் இரைச்சல்னு தள்ளிடு. குழுவுக்கு கிராஃப் சுத்தமா இருக்கணும்," என்றார். அவருக்கு எல்லாமே சுத்தமாக இருக்க வேண்டும், சட்டைக் காலர் உள்பட. ரெஜினா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து, "போட்டுடுங்க அண்ணா," என்றாள். அரை செகண்ட் என்ற எண்ணை பெட்டிக்குள் ஏற்றியது நான். கொசு போச்சு. சேனல் தொண்ணூற்றொன்பது சதம் காலி என்று வந்தது.

குழு வந்த அன்று கடல் சரியில்லை. முந்தின நாளிலிருந்தே வாடைக்காற்று, அலை கரையை அறைந்துகொண்டிருந்தது. குப்பத்தில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. எல்லப்பன் மட்டும் விட்டுவந்த வலையை எடுத்து வருகிறேன் என்று மச்சானைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் போயிருந்தார். நனைந்துவிடும் என்று செல்போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு மாடியில் பெட்டியை ஓடவிட்டோம். எங்கள் பெட்டி ஏழாம் சேனலில் அனுப்ப, ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்திருந்த கேமரா பெட்டி பதில் அனுப்ப, லேப்டாப்பில் கடற்கரை தெளிவாக ஓடியது. டெல்லிக்காரர்கள் மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஜானகிராமன் சார் எல்லோருக்கும் இளநீர் வரவழைத்தார். ரெஜினா எதையும் குடிக்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாற்பத்தெட்டாவது நிமிடம் எல்லப்பன் மனைவி செங்கம்மாள் படியேறி வந்தாள். கையில் வீட்டுச் செட்டு.

"யம்மா ரெஜினா, இன்னா ஆச்சுனே தெர்ல. ஒம்போது மணிலேர்ந்து செட்டு கொர்ருனு கத்திகினே கீது. அவரு ஒரு தட்டு கூட தட்டல."

"தட்டலன்னா? அவருதான் செட்டுல பேசவே மாட்டாரே, அக்கா."

"பேசுவாங்களா? பேசுனா எங்க மீனு கீதுன்னு அடுத்த குப்பத்துக்காரன் கேட்டுகினு வந்து நிப்பானே! பேசுற பட்டன தட்டுறதுதான், இங்க டக்குனு கேக்கும். அர மணிக்கு ஒரு தட்டு தட்டுனா நல்லா கீறேன்னு அர்த்தம். ரெண்டு தட்டுனா மீன் பாடு நல்லாருக்கு, கரைக்கு ஆள கூட்டினு வா. மூணு தட்டுனா..." அவள் செட்டைக் குலுக்கிப் பார்த்தாள். "ஒம்போதுக்கும் தட்டல, ஒம்போதரைக்கும் தட்டல யம்மா."

ரெஜினாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். கால் செகண்ட் புள்ளிகள். நாங்கள் கொசு என்று அடித்தவை. பெட்டி எல்லப்பன் தட்டுவதைக் கேட்டிருந்தாலும் இரைச்சல் என்று தள்ளிவிட்டுத் தன் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். மாடியில் இருக்கிற எங்கள் சத்தத்தில் கீழே இருக்கிற செட்டுக்குக் கடலிலிருந்து வருவது எப்படிக் கேட்கும்?

"சார், நிறுத்தணும்," என்றாள்.

ஜானகிராமன் சார் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "பன்னெண்டு நிமிஷம் ரெஜினா. பன்னெண்டே நிமிஷம். இதுக்கு மேல இவங்களை நான் எங்கேருந்து கூட்டிட்டு வர்றது? அந்தாளு வலை எடுக்கிற மும்முரத்துல மறந்திருப்பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். கோழை என்று திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். அவள் நேராகப் போய் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

லேப்டாப்பில் கடற்கரை காணாமல் போனது. செட்டின் கொர் சத்தமும் நின்றது. செங்கம்மாள் அதைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு நிமிடம் போனது. டெல்லிக்காரர் ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், ரெஜினா கையைக் காட்டி அவரை அடக்கினாள். கைடு முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவள். இரண்டு நிமிடம். காற்றில் ஆண்டெனாக் கம்பி ஆடுகிற சத்தம் மட்டும்.

டக், டக், டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக், டக்.

செங்கம்மாள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. அலை அடித்த அடியில் முதல் இரண்டு முறை படகை இறக்கவே முடியவில்லை, மூன்றாவது முறை நான்கு பேர் ஏறிப் போனார்கள். கரையில் ரெஜினா முழங்கால் அளவு தண்ணீரில் நின்று செட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டு வருகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பதினொன்றரைக்குமேல் அதுவும் வரவில்லை. பன்னிரண்டே காலுக்குப் போன படகு எல்லப்பன் படகை இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜின் நின்றுபோய், பாறைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தார்களாம். மச்சானுக்குக் கை முறிந்திருந்தது. மிதந்த நேரத்தில் முக்கால் மணி நேரம் எல்லப்பன் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், ஒருவருக்கும் கேட்காமல்.

நாங்கள் குழு காத்திருந்த மாடிக்குத் திரும்பினோம். யார் சொன்னார்களோ, ஈர லுங்கியோடு பின்னாலேயே ஏறி வந்துவிட்டார் எல்லப்பன். பல் கிடுகிடுத்தது.

"என்னாலதான் உன் பரிட்ச கெட்டுப்போச்சாமே யம்மா? மன்னிச்சிக்க."

"அதெல்லாம் இல்லப்பா, கரண்ட் கட் ஆயிடுச்சு, அவ்வளவுதான்," என்றார் ஜானகிராமன் சார் முந்திக்கொண்டு. குழுவின் தலைவரும் அப்படியே எழுதிவிட்டிருந்தார். மின்தடை, அடுத்த வாரம் மறு சோதனை. கையெழுத்துப் போட்டால் போதும். நல்ல மனதோடுதான் தாளை நீட்டினார்.

ரெஜினா பேனாவை வாங்கினாள். அந்த வரியை அடித்துவிட்டு, ஏழாம் சேனல் காலியில்லை, என் அளவீடு தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு எல்லப்பன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணே. உங்க தட்ட அடைச்சது நான்தான்."

எல்லப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. செங்கம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஆண்டெனாவைக் காட்டி, "அத கழட்டிகினு போயிடு யம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, புருஷனைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மாதம் எங்களுக்கு மீன் குழம்பு போட்டவள்.

ஜனவரியில் பதிவு ரத்தானது. இப்போது ரெஜினா சிறுசேரியில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். பெயருக்கு முன்னால் டாக்டர் இல்லை. ஜானகிராமன் சார் அடுத்த மாணவனை வைத்து வேறு சேனலில் அதே பெட்டியை ஓட்டிக் காட்டினார்.

அன்று குழு கிளம்பிப் போன பிறகு அவள் ஏணியில் ஏறித் திருகுகளைக் கழற்றினாள், நான் கீழே பிடித்துக்கொண்டேன்.

"தொண்ணூறு நாளும் அவர் சொல்லிகினேதான் இருந்திருக்காரு அண்ணா. நான்தான் அழிச்சிட்டேன்," என்றாள் மேலிருந்து.

நீ மட்டும் இல்லை, நானும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு. வாயைத் திறக்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.