கூடைக்குள் நாலு வயிறு

எனக்கு நாய் என்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ இரக்க குணம் படைத்தவன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இரக்கம் எல்லாம் சிவக்கொழுந்து அக்காவுடையது. நான் வெறும் சாட்சி. அதுவும் பொலிசார் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன சாட்சி.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அறை அறையாக வாடகைக்கு விட்ட மாடி வீட்டில் நான் குடியிருந்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கொம்பனிக் கந்தோரில் லிகிதர் வேலை. கீழே, படிக்கட்டை ஒட்டிய அறையில் சிவக்கொழுந்து அக்கா; எங்களுக்குக் கொழுந்தக்கா. வயது அறுபத்தொன்று. யாழ்ப்பாணப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் பிரசவ வார்ட்டில் அற்றென்டன்ற் ஆக இருந்தவர். கனடாவில் இருந்த மகள் கூப்பிடுவாள் என்று கொழும்புக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. விசா வந்தபாடில்லை.

வெள்ளவத்தையில் அப்போது பாதிப் பேருக்குக் காத்திருப்பதுதான் தொழில். மற்றவர்கள் ரீவி பார்த்தபடி காத்திருந்தார்கள். கொழுந்தக்கா சும்மா இருக்கத் தெரியாத மனுசி. ஒழுங்கையில் எந்த வீட்டிலாவது குழந்தை வீரிட்டால் கேட்காமலே உள்ளே போவார். தூக்கித் தோளில் போட்டு, முதுகில் தட்டி, ஏவறை விடவைத்த பிறகுதான் தாயின் பெயரையே விசாரிப்பார். "என்ர கைக்கு வந்த பிள்ளையில ஒண்டும் வயித்துக்குத்தால செத்ததில்லை" என்று அடிக்கடி சொல்லுவார். எனக்குக் காது புளித்துப்போன பேச்சு அது.

எங்கள் படிக்கட்டுக்குக் கீழே ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லி அப்புறப்படுத்த வேண்டும் என்று நான் வாய் திறந்ததும் அக்கா சீறினார்.

"நீர் மேல இருக்கிறனீர். கீழ கிடக்கிறது உமக்கு என்ன செய்யுது?"

"குலைக்குது, அக்கா."

"நீரும்தான் விடிய விடியக் குறட்டை விடுறீர். நான் ஆரிட்டயும் போய்ச் சொன்னனானோ?"

நான் படியேறி மேலே போனேன். குட்டி போட்ட ஏழாம் நாள் அந்தத் தாய்நாய் காலி வீதியில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போனது. நான் கந்தோரால் வந்தபோது ஐந்து குட்டிகளும் அக்காவின் அறையில், பழைய சேலை விரித்த பிரம்புக் கூடைக்குள் கிடந்தன. கண் திறவாத, எலி அளவு உயிர்கள்.

ஒழுங்கை முனையில் பார்மசி வைத்திருந்த பாயிஸிடம் அக்கா என்னைத்தான் அனுப்பினார். பாயிஸ் நாயைத் தொடுகிறவர் அல்ல. அது அவருடைய மார்க்கம். ஆனால் விசயத்தைக் கேட்டதும் மருந்துத் துளி விடும் குழாய் இரண்டும் சுடுதண்ணீர் ஊற்றி வைக்க வெறும் போத்தல் நாலும் எடுத்துத் தந்தார். "தொடுறதுக்குத்தான் எனக்கு ஏலா. சாமான் தர ஏலும். குட்டிகளுக்குக் குளிர் பட வெக்க வாணாமென்டு அக்காக்குச் செல்லுங்க" என்றார். காசும் வாங்கவில்லை.

போத்தல் சூடு நன்றாகத்தான் வேலை செய்தது. குட்டிகள் பாலும் குடித்தன. பிழை வேறு எங்கோ நடந்தது. இரண்டாம் நாள் வயிறுகள் ஊதத் தொடங்கின. றபான் மேளம் போல இறுகி, தோல் மினுங்கி, நாலு காலையும் விரித்துக்கொண்டு குட்டிகள் அனுங்கின. அக்கா தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தார். வசம்பு சுட்டு உரைத்துத் தடவினார். ஓமத்தண்ணீர் துளி விட்டார். பிள்ளையைப்போல மடியில் மல்லாத்திப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டினார். கைப்பிள்ளைக்கு முப்பத்தொரு வருடம் சரிவந்த வைத்தியம் ஒன்றும் நாய்க்குட்டிக்குச் சரிவரவில்லை. அன்று பின்னேரம் ஒரு குட்டி செத்தது.

அதை மதிலோரம் புதைத்துவிட்டு வந்து அக்கா கட்டிலில் இருந்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். "தம்பி, ரெண்டு நாளா ஒண்டும் வெளிய போகேல்லை. குடிச்சது முழுக்க உள்ளுக்கதான் கிடக்கு. இன்னும் ஒரு நாள் போனால் மற்ற நாலும் போயிடும். என்ன பிழை விடுறன் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். நாயைப் பிடிக்காத நானே கூடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

அடுத்தநாள் விடிந்தும் விடியாததுமாகப் பொலிசார் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். போர் நடந்த அந்த வருடங்களில் இது மாதாந்தச் சம்பளம் போல; நாள்தான் முன்பின்னாக வரும். யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டை உள்ளவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறவேண்டும் என்றார்கள். என்னுடையதும் அதுதான், அக்காவுடையதும் அதுதான். மற்றவர்கள் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைத் தேடி எடுத்தார்கள். அக்கா கூடையை எடுத்தார்.

"அக்கா, விசரே உங்களுக்கு? அதை வைச்சிட்டு வாங்கோ."

"வைச்சிட்டு வந்தால் ஆர் பாக்கிறது? உம்மட தலையணையோ?"

பஸ் வாசலில் நின்ற பொலிஸ்காரர் மூடியிருந்த கூடையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். குண்டு வெடித்த நகரம் அது. அவரைக் குறை சொல்ல முடியாது. "மே மொனவாத?" என்று, இது என்ன என்பதை அதட்டிக் கேட்டார். அக்காவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. நான்தான் "பலு பெட்டவ், சேர்" என்று, நாய்க்குட்டிகள் என்பதைச் சொன்னேன். அவர் துவக்கு முனையால் துணியை விலக்கினார். நாலு குட்டிகளும் ஒரே சுருதியில் அனுங்கின. அவர் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வழிவிட்டார்.

பொலிஸ் நிலைய முற்றத்தில் எங்களை மாமரத்தின் கீழ் இருத்தினார்கள். ஐம்பது பேருக்குக் குறையாது. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு மேசைக்கு அழைப்பார்கள்; அதுவரை வாய் திறக்காமல், தலை நிமிராமல், ஆளோடு ஆளாக மறைந்திருப்பதுதான் எங்கள் எல்லாருடைய சாமர்த்தியம். நானும் அதில் கெட்டிக்காரன்தான்.

அக்கா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம், பொலிசாருக்குச் சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு கறுப்பு நாய் ஆறு குட்டிகளோடு படுத்திருந்தது. குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. அக்கா கண் வெட்டாமல் அரை மணித்தியாலம் பார்த்தார். பிறகு என் தொடையில் ஓங்கி ஒரு அடி.

"பாரும்! அவள் என்ன செய்யிறாள் எண்டு பாரும்!"

"நக்குது."

"எங்க நக்கிறாள்?"

நான் பார்த்தேன். தாய்நாய் ஒவ்வொரு குட்டியாக மூக்கால் புரட்டி, வயிற்றிலிருந்து வாலடி வரைக்கும் விடாமல் நக்கியது. கொஞ்ச நேரத்தில் குட்டி மூத்திரம் பெய்தது. இன்னும் கொஞ்சம் நக்க மலமும் கழிந்தது. அதன் பிறகே அடுத்த குட்டியைப் புரட்டியது.

"அதுகளுக்குத் தானாப் போகத் தெரியாது, தம்பி! தாய் நக்கி விட்டால்தான் போகும். நான் ரெண்டு நாளாப் பாலை ஊத்தி ஊத்தி அடைச்சு வைச்சிருக்கிறன். வசம்பாம், ஓமத்தண்ணியாம்! என்ர முப்பத்தொரு வருசத்தை அள்ளிக் கடலுக்க போடவேணும்." அவர் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "இளஞ்சூட்டுத் தண்ணி வேணும். எழும்பிப் போய்க் கேளும்."

"நானோ?"

"பின்ன, குட்டியே போய்க் கேக்கும்?"

மேசையில் ஒரு சார்ஜன்ற் இருந்தார். மீசை நரைத்த, பருத்த மனிதர். ஐம்பது பேர் குனிந்திருக்க நான் மட்டும் எழுந்து நடந்தேன். நாய்க்குட்டியின் பின்பக்கம் துடைக்கச் சுடுதண்ணீர் வேண்டும் என்பதை மரியாதையான சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குக் கற்றுத் தரவில்லை. தெரிந்த மாதிரிச் சொன்னேன். அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். ஒரு கோப்பையில் சுடுதண்ணீர் வந்தது.

அக்கா தண்ணீரை முழங்கையில் விட்டுச் சூடு பார்த்தார். சேலைத் தலைப்பை நனைத்து, முதற் குட்டியை உள்ளங்கையில் வைத்து, தாய்நாய் நக்கிய அதே போக்கில் வயிற்றிலிருந்து வாலடிவரை மெல்ல மெல்லத் துடைத்தார். எண்ணி நாற்பது தரம் இருக்கும். குட்டி மூத்திரம் பெய்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்னும் துடைத்தார். மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது, பிறகு நிறைய வந்தது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனது.

நாலாவதுதான் எல்லாரையும் கலங்க வைத்தது. கடைசிக் குட்டி. வயிறு எல்லாவற்றிலும் பெரிது, மூச்சு எல்லாவற்றிலும் சின்னது. அக்கா துடைத்தார், துடைத்தார், ஒன்றும் இல்லை. தண்ணீர் ஆறிப்போனது. நான் கேட்காமலே போய் இன்னொரு கோப்பை வாங்கி வந்தேன். சார்ஜன்ற் பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்து என் பின்னால் நின்றார். மேசையில் பெயர் கூப்பிடுவதும் நின்றுபோனது.

"போடு, ராசாத்தி. ஒருக்காப் போடு. அம்மாக்காகப் போடு" என்றார் அக்கா.

குட்டி முக்கியது. அந்த எலிக்குட்டி உடம்பு முழுவதும் ஒருமுறை நெளிந்தது. அக்காவின் உள்ளங்கை நிறைந்தது.

"போட்டிட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். ஐம்பது பேரும் கைதட்டினோம். காவலுக்கு நின்றவர் என்னவோ ஏதோ என்று துவக்கோடு ஓடி வந்தார். சார்ஜன்ற் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் விசயத்தைச் சொல்ல, அவரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அக்கா கையை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார், பிரசவ வார்ட்டில் பிள்ளையைத் தகப்பனுக்குக் காட்டுகிற மாதிரி. அவ்வளவு சந்தோசத்தை அந்த வருடத்தில் வேறு எதுவும் எனக்குத் தரவில்லை.

பிறகு கூடைக்குள் போத்தலில் கொண்டுவந்த பாலில், புதிதாகக் கேட்டு வாங்கிய சுடுதண்ணீரை விட்டு ஐதாக்கி, இம்முறை மல்லாத்தாமல், தாயிடம் குடிக்கிற மாதிரிக் குப்புற வைத்து ஒவ்வொரு துளியாகப் பருக்கினார். நாலும் குடித்துவிட்டு அனுங்காமல் நித்திரையாயின. இப்போதே சொல்லிவிடுகிறேன், நாலும் தப்பிவிட்டன. அடுத்த வாரம் கண் திறந்து, அடுத்த மாதம் என் செருப்பைத் தின்றன.

பத்து மணிபோல அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க என்னையும் அழைத்தார்கள். பெயர், ஊர், அட்டை இலக்கம் எல்லாம் எழுதிய சார்ஜன்ற், கடைசியில் எல்லாரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். கொழும்பில் என்ன அலுவலாக இருக்கிறீர்கள்? எங்களில் யாருக்கும் அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வந்ததில்லை. சொல்கிற எந்தக் காரணமும் போதாது என்றே தோன்றும்.

"விசாவுக்கு நிக்கிறியள் எண்டு சொல்லட்டோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதை ஏன் சொல்லுவான்? நாலு குட்டி கிடக்கு. தாய் இல்லை. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால் குடுத்துத் துடைச்சு விடவேணும். அந்த அலுவலாத்தான் இருக்கிறன். நான் சொன்னதை அப்பிடியே சொல்லும்."

அப்படியே சொன்னேன். சார்ஜன்ற் கூடையை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். சிங்கள எழுத்தை நான் தலைகீழாகவும் வாசிப்பேன். விசா, வேலை, வைத்தியம் என்று வரிசையாக எழுதியிருந்த அந்தப் பக்கத்தில், சிவக்கொழுந்து என்ற பெயருக்கு நேரே, நாய்க்குட்டிகளைப் பராமரித்தல் என்று எழுதி, அதன்மேல் முத்திரையும் குத்தினார்.