அப்பா சேர்ந்த டியாம் வகுப்பு

என் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் கத்துவதோடு சரி, காரில் ஏறிவிட்டாலோ குறுக்கே வந்தவன், ஹார்ன் அடித்தவன் எல்லோரோடும் இறங்கிச் சண்டை. கிள்ளானில் ஒரு லோரிக்காரரின் சட்டையைப் பிடித்து, விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. அன்று அம்மா சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை யார் மேலயாவது கை வச்சீங்க, பிள்ளைய கூட்டிக்கிட்டு ரவாங்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அப்பா பயந்துபோய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடை மாடியில் நடந்த தியான வகுப்பில் சேர்ந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. தியானம் என்பது என் காதில் 'டியாம்' என்றே விழுந்தது. பள்ளியில் மலாய் டீச்சர் மேசையைத் தட்டி "டியாம்!" என்றால் வாயை மூடு என்று பொருள். அப்பாவை வாய் மூடவைக்க ஒரு வகுப்பா! எனக்கு ஒரே சந்தோஷம்.

தினமும் காலையில் கூடத்தில் கண்ணை மூடி மூச்சை எண்ணுவார். பத்து வருவதற்குள், "சாவிய எங்க வச்ச?" என்று கத்திவிடுவார். "மனசு ஓடிருச்சுலா," என்று அசடு வழிந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். மனிதர் விடவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, பெட்டாலிங் ஜெயா போகும் வழியில் ஜாம். ஒரு மோட்டார்சைக்கிள்காரர் எங்கள் காரின் பக்கக் கண்ணாடியை இடித்து உடைத்துவிட்டார். அப்பா கதவைத் திறந்து பாய்ந்தார். கையும் ஓங்கியாயிற்று. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ரவாங் பெரியம்மாவோ தினமும் பாகற்காய் சமைப்பவர். நான் விடுவேனா? ஜன்னலை இறக்கி, டீச்சர் குரலிலேயே கத்தினேன்: "அப்பா! டியாம்!"

நடுரோட்டில், பெற்ற தகப்பனைப் பார்த்து! அப்பா திரும்பி என்னை முறைத்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். பின்னால் ஹார்ன்கள் அலறின. அவர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடினார். உதடு அசைந்தது. நானும் கூடவே எண்ணினேன். பத்து வந்தது. கை இறங்கியது.

"அடி ஒண்ணும் படலயே பாஸ்? பார்த்துப் போங்க," என்று அந்த மோட்டார்சைக்கிள்காரரிடம் சொல்லிவிட்டு அப்பா காரில் ஏறினார்.

கார் நகர்ந்ததும் அம்மா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். என் வாய்த்துடுக்குக்குத்தான் அழுகிறார் என்று எண்ணி, "இனிமே சொல்ல மாட்டேம்மா," என்று அவர் தோளைப் பிடித்தேன். அழுகை கூடியது. இன்று அடி நிச்சயம் என்று வீடு வரும்வரை நானும் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். நிம்மதி வந்தாலும் மனிதர்கள் அப்படி அழுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.