பக்கத்து இருக்கையின் பிரேக்

காரின் முன்கண்ணாடியில் சிவப்பு 'எல்' ஸ்டிக்கரின் இரண்டு முனைகளையும் அம்மா பிடித்துக்கொண்டாள். மகன் தன் ஆய்வக அடையாள அட்டையால் தேய்த்துத் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினான்.

"படிச்ச படிப்பு இன்னிக்குத்தான்டா உருப்படியா உதவியிருக்கு," என்றாள். பின்பக்கத்துக்கான ஸ்டிக்கரைச் சுருட்டி உள்ளே வைத்தாள். வகுப்புக்கு நேரமாகியிருந்தது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள் 'கிளட்ச் அக்கா'. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. தொட்டதற்கெல்லாம் அதை மிதிக்க மாட்டாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உட்காருவாள். உண்மையிலேயே ஆபத்து என்றால்தான் அந்தக் கால் முன்னால் வரும்.

சில மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாகவே இருந்தது. மகனுக்கு மனசு ஆறவில்லை. அம்மாவின் மணிக்கட்டில் கடிகாரம் வளையம்போலச் சுழன்றுகொண்டிருந்தது. அவளிடம் சொல்லிவிட்டு, சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையும் செய்தான். அது மிக அதிகமாக இருந்தது.

"போன வாரம் கிட்னி நல்லா இருக்குன்னாங்களே?"

"கிரியேட்டினின் தசையிலிருந்து வர்றதும்மா. உன் உடம்புல தசை எங்கே இருக்கு? வடிகட்டி அடைச்சிருந்தாலும் அளவு கம்மியாத்தான் காட்டும். சிஸ்டாட்டின் எல்லா செல்லுலேருந்தும் வர்றது. இதை அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது. இந்த அளவு இருக்கிறவங்க சீக்கிரம் இறந்துபோற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம்."

"மத்தவங்க சாகவே மாட்டாங்களாமா?"

"விளையாடாதே. வேலையை விட்டுடு."

"அது என்னைச் சொல்லுதா, என்னை மாதிரி ஒரு கூட்டத்தைச் சொல்லுதா?"

"கூட்டத்தை."

"அப்ப கூட்டத்தை வீட்ல உட்காரச் சொல்லு. எனக்கு வகுப்பு இருக்கு. என் பக்கத்துல உட்கார்ந்து நீ பிரேக் மிதிக்காதே."

சிறுநீரக மருத்துவரிடம் போனாள். மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கினாள். உப்பைக் குறைத்தாள். "வேலையை விடணும்னு நான் சொல்லலையே," என்று மருத்துவர் சொன்னபோது, மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்தான்.

ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாள், மதியம் சற்றுப் படுத்தவள் எழவில்லை. இதயம் என்றார்கள்.

துக்கத்துக்கு வந்த சித்தி ஆற்றாமையோடு சொன்னாள்: "ரத்தம் அப்பவே சொல்லிச்சு. அக்கா உன் பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பா."

"வாய்ப்பு அதிகம்னு சொல்லிச்சு, சித்தி. வேலையை விடுன்னு அது சொல்லலை. அதைச் சொன்னது நான்."

"சரி, காரை வித்துடு. அந்த ரெண்டாவது பிரேக்கைக் கழட்டினாத்தான் விலை போகும்."

"அது இருக்கட்டும்."

மாலையில் பல் டாக்டர் கூப்பிட்டார். அம்மாவின் மாணவி. ஊர்ப் பல்லையெல்லாம் பயமில்லாமல் பிடுங்குகிறவர், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். டெஸ்டில் ஏற்கெனவே தோற்றவர்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது தம்பி. திங்கட்கிழமை டெஸ்ட். கூட வர்றேன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. தேதியை மாத்திடட்டுமா?"

"மாத்தாதீங்க. நான் கூட வர்றேன்," என்றான்.

காருக்குப் போனான். சுருட்டிய 'எல்' வைத்த இடத்திலேயே இருந்தது. பின்கண்ணாடி இன்னும் வெறுமையாக இருந்தது.