சந்துச் சுவரில் ஒரு கை

பொன்னமராவதியில் எங்கள் கடையின் சந்துப் பக்கச் சுவரில் ஒரு பல்பொடி விளம்பரம் இருக்கிறது. அப்பா காலத்தில் கையால் எழுதியது. நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. பல்பொடியின் பெயரைப் பாதிதான் படிக்க முடியும். அதன் கீழே "கடைக்கு வழி" என்ற எழுத்தும், எங்கள் பக்கவாசலை நோக்கி விரல் நீட்டும் ஒரு கையும் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

எனக்குப் பல்பொடி முக்கியமில்லை, அந்தக் கைதான் முக்கியம். சந்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அண்ணன், என் பெரியப்பா மகன், சந்து முழுக்கத் தன்னுடையது, எங்கள் பக்கவாசல் நேற்று உடைத்து வைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த வாசல் அடைபட்டால் சரக்கு இறக்க எனக்கு வேறு வழி கிடையாது. முன்பக்கம் பஸ் போகிற ரோடு, வண்டியை நிறுத்த விடமாட்டார்கள். வாசல் அப்போதே இருந்தது என்பதற்கு அந்தக் கையைத் தவிர எனக்குச் சாட்சி இல்லை.

போன வருடம் கோயில் கும்பாபிஷேகத்துக்காகத் தெருவே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிமெண்ட் கம்பெனி ஏஜெண்ட் வந்தார். சுவரைச் சும்மா அடித்துத் தருகிறோம், எங்கள் விளம்பரத்தை எழுதிக்கொள்கிறோம் என்றார். இது இங்கே வழக்கம்தான். முன்பக்கத்தை அடியுங்கள் என்றேன். முன்பக்கம் வேண்டாமாம், சந்துப் பக்கம் போதுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. அப்பா காலத்தில் சந்தைக்குப் போகிறவர்கள் இந்தச் சந்தில்தான் நடந்தார்கள். இப்போது நாயும் நாங்களும்தான். எவன் வந்து சிமெண்ட் விளம்பரம் பார்ப்பான்?

"யாரு சொல்லி வந்தீங்க?"

"பக்கத்து வீட்டு அண்ணன்தாங்க. அந்தச் சுவருதான் அசிங்கமா இருக்குன்னாங்க."

ஆளைத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலமே அண்ணன் வந்து நின்றார். கோயில் காரியத்துக்குக்கூட ஒத்துவராதவன் என்று ஆரம்பித்தார்.

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்ப்பா. ஓசில அடிச்சுத் தர்றான், கசக்குதா?"

"அப்ப ஒங்க வீட்டுச் சுவர அடிக்கச் சொல்லுங்கண்ணே. அது இதவிட அழுக்கு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நல்ல எண்ணத்தில்கூடச் செய்திருக்கலாம் என்கிறாள் என் மனைவி. செய்திருக்கலாம். ஆனால் என் சுவரைப் பற்றி அதுவரை ஒருநாளும் கவலைப்படாத மனிதர் அவர்.

மழைக்கு முன்னால் அந்தக் கைக்கு மேலே தகரம் ஒன்று சாய்த்து அடித்தேன். சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். தகரம் அவர் சந்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதாம், சர்வேயரைக் கூட்டிவந்து அளக்கப் போகிறாராம். கூட்டி வாங்க என்றேன். அளக்க வருகிறவர் அந்தச் சுவர் முன்னால்தான் நின்றாக வேண்டும்.