சூடு என்று சொன்ன தழும்பு

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். நடந்ததில் சிலது மறந்தும் போகிறது... மறக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு டாக்டரம்மாவின் பேரைக் கெடுத்தவள் நான். பொய் சொல்லிக் கெடுத்தேன். பிறகு வாயைத் திறக்காமல் கெடுத்தேன்.

சின்னத் துளை போட்டுக் கர்ப்பப்பை எடுக்கும் வேலையை மேற்கொண்டு கற்க வரும் டாக்டர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண் எதற்காகப் பொய் சொல்வாள் என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது பெண் பிறந்தபோது இரத்தம் நிற்காமல் போய், சாகாமல் பிழைத்தேன். இன்னொன்று உடம்பு தாங்காது என்றார்கள். என் தாய்வீடு வெதுருகுப்பம். என்னைப் பெற்ற நைனா கையெழுத்துப் போட, அங்கிருந்தபோதே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். என் வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு ஆண்பிள்ளை வேண்டும். தொப்புளுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டி, வயிற்றுவலிக்குச் சூடு போட்டது என்றேன். எங்கள் பக்கம் கம்பியைக் காய்ச்சி இழுப்பார்கள். நம்பிவிட்டார். பையன் வேண்டும் என்று ஏழு வருஷம் திருமலைக்கு நடந்து ஏறி மொட்டை போட்டார். அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டேன்... எப்படிப் போட்டேன்?

வயதான பிறகு கர்ப்பப்பையில் கட்டி என்று திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது பயிற்சி நடக்கும் இடம். உள்ளே செய்வதை மற்ற டாக்டர்கள் வேறு அறையில் டிவியில் பார்ப்பார்களாம். எனக்குச் செய்ய வந்தவரும் கற்க வந்தவர்தான், நாயுடுபேட்டையில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா. கற்றுத்தரும் பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்பார், கை இவருடையது.

முந்தின நாள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார். "இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் ஆச்சாம்மா?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "இவளுக்கா? ஊசின்னாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குவா."

டாக்டரம்மா சிரித்துவிட்டுத் தழும்பில் விரல் வைத்தார். "அப்ப இது?"

"சூடு" என்றேன்.

"சூடா? நிஜமா?"

"நெஜந்தான் டாக்டரம்மா. ஒரு வாரம் கத்திக்கினு கெடந்தாளாம்" என்றார் அவர்.

ஆபரேஷன் தழும்பு என்று சொல்லியிருந்தால் தொப்புளில் குத்தாமல் இடது விலாவுக்குக் கீழே முதல் துளை போட்டிருப்பார்களாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன். சூடு தோலோடு நின்றுவிடும். என் தழும்புக்கு உள்ளே குடல் ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்புளில் குத்தியதும் அது கிழிந்தது. வயிற்றை நீளமாகத் திறந்து தைத்தார்கள். திறந்தபோது கருக்குழாய்கள் கட்டியிருந்ததை டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

நான் கண் விழித்த அன்று என் வீட்டுக்காரர் பத்துப் பேர் முன்னால் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டு ஆள குத்திப் பாத்துக் கத்துக்கினு போவ வந்தியா? போயி ஆட்டு வயித்துல கத்துக்கோ."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தையில் அவர் தப்பித்திருக்கலாம். "தப்பு என்னுதுதான் பெரியவரே" என்றார்.

மறுநாள் தனியாக வந்து போர்வையைச் சரிசெய்தார். "நான் அவர்கிட்ட சொல்லலம்மா. நீங்க பயப்படாதீங்க" என்றார். சொல்லிவிடுங்கள் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாமே... சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்தப் பயிற்சியில் அதற்குப் பிறகு அவரைக் கருவி தொட விடவில்லை என்று நர்சம்மா சொன்னாள். நாயுடுபேட்டையில் என் நாத்தனார் இருக்கிறாள். அவள் வாய் வழியே சந்தையெல்லாம் கதை பரவியது. போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, உன் டாக்டரம்மா ஈ ஓட்டிக்கினு கீறா." நானும் சேர்ந்து சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது சித்தூரில் மகள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் இல்லாதபோது உண்மை பேசுவதில் என்ன தைரியம் இருக்கிறது? ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். பெண்ணிடம் கேட்கும்போது கூட இருப்பவரை வெளியே அனுப்புங்கள். புருஷனை, மாமியாரை, பெற்ற மகளைக்கூட. கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். கருவி பிடிப்பதற்கு முன்னால் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும்.

என்னையும் அப்படிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்... என்று எழுத வந்தேன். தனியாக வந்தபோதும் சுவரைப் பார்த்தவள்தானே நான்?

நாள், கிழமை, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் நான் தவறியிருக்கலாம். உங்களில் யாராவது நாயுடுபேட்டைக்குப் போய் அந்த டாக்டரம்மாவிடம் கேட்டுச் சரிபாருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். அவர் லேசில் சொல்ல மாட்டார்.